தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது

பள்ளிக்கூடத்துச் சறுக்குமரத்திலிருந்து மகள் விழுந்துவிட்டாள் என்று போன் வந்தபோது நான் பனியன் கம்பெனியில் அயர்ன் டேபிளில் நின்றிருந்தேன். அவள் இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். போய்ப் பார்த்தால் இடது முழங்கை வீங்கி, கை அவளுடையதே இல்லை என்பதுபோலத் தொங்கியது. அவள் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பெருமாநல்லூரில் நாங்கள் வழக்கமாகக் காட்டும் டாக்டர் கையைத் தொடாமலே, "இங்க வெச்சுட்டு இருக்க வேண்டாமுங்க, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க" என்றார்.

போனோம். எக்ஸ்ரே எடுத்து, பாதிக் கட்டுப் போட்டுப் படுக்க வைத்தார்கள். எலும்பு டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, "எலும்பு விலகியிருக்கு. மயக்கம் குடுத்துக் கம்பி வெச்சு நிறுத்தணும். காலையில முதல் ஆளா பண்ணிரலாம்" என்றார். அவர் போனதும் நர்ஸம்மா சொன்னார்: "விடிஞ்சா வாயில ஒண்ணும் குடுக்காதீங்க. தண்ணிகூடக் குடுக்கக் கூடாது." மயக்கத்தில் வாந்தி வந்தால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடுமாம். நியாயமாகத்தான் பட்டது.

மறுநாள் வெயில் ஏறும்வரை மகள் சமர்த்தாக இருந்தாள். பிறகு, "அப்பா, எப்பக் கூப்புடுவாங்க?" என்று கேட்க ஆரம்பித்தாள். மதியத்துக்கு மேல் நர்ஸம்மா வந்து, பைபாஸில் பெரிய விபத்து, ஆபரேஷன் தியேட்டர் அவர்களுக்குப் போய்விட்டது, நாளைக்குத்தான் என்றார். அந்த ஸ்ட்ரெச்சர்கள் போவதை நானும் பார்த்திருந்தேன். என் மனைவி ரசம் சாதம் பிசைந்து ஊட்டினாள். பாதியிலேயே மகள் தூங்கிவிட்டாள்.

அடுத்த நாள் மயக்க டாக்டர் வரவில்லை. வரமாட்டார் என்று யாரும் சொல்லவில்லை. கேட்கும்போதெல்லாம், "வந்துருவாங்க, வந்துருவாங்க" என்றார்கள். குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. ஆனால் மகளின் உதடு வெள்ளையாக வெடித்திருந்தது. பக்கத்துப் படுக்கையில் ஒரு ஒடிசாக்காரப் பெண், கால் உடைந்த தன் மகனோடு இருந்தாள். அவளும் ஏதோ ஒரு பனியன் கம்பெனியில்தான் வேலை செய்தாள். இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தவள், என் மகள் பார்ப்பதைக் கண்டதும் நிறுத்தினாள். பிறகு முந்தானையை விரித்துத் திரைபோல் பிடித்துக்கொண்டு, அதற்குப் பின்னால் வைத்து மகனுக்கு ஊட்டினாள். எங்களுக்குள் பேசிக்கொள்ள ஒரு பாஷை கிடையாது.

மச்சான் போன் பண்ணி, "கோயமுத்தூருக்குக் கொண்டு போயிரலாம் மாப்ள" என்றார். எனக்கும் அந்த எண்ணம் வராமல் இல்லை. ஆனால் அந்தக் கையோடு அவளைத் தூக்கிக்கொண்டு போய், புது இடத்தில் மறுபடியும் முதலிலிருந்து வரிசையில் நிற்க வேண்டும். இங்கேயோ, நாளைக்கு ஆகிவிடும் என்கிறார்கள். நாளைக்கு என்ற அந்த ஒரு சொல் எங்களை அங்கேயே கட்டிப்போட்டது.

மூன்றாம் நாள் காலை. மனைவி மகளைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போனாள். கதவுக்கு வெளியே நின்றவளுக்குக் குழாய்ச் சத்தம் கேட்டிருக்கிறது. உள்ளே போய்ப் பார்த்தால் மகளின் தாடையிலும் சட்டையிலும் ஈரம். ஒற்றைக் கையில் பிடித்துக் குடித்திருக்கிறாள். வெளியே வந்த மனைவி என்னை ஓரமாக இழுத்துப்போய்ச் சொன்னாள்.

"நர்சுகிட்டச் சொன்னா இன்னைக்கும் பண்ண மாட்டாங்க. சொல்லாட்டி…"

நான் போய்ச் சொன்னேன்.

"ஒரு புள்ளையப் பாத்துக்க ரெண்டு பேருக்கும் முடியலீங்களா?" என்றார் நர்ஸம்மா.

அவ்வளவு நாளும் அடக்கி வைத்திருந்தது அப்போதுதான் வெடித்தது. "மூணு நாளாப் பட்டினி கெடக்குதுங்க எம்புள்ள! பாத்துக்காதது நாங்களாங்க? உங்க ஊட்டுப் புள்ளையா இருந்தா இப்படிப் போட்டு வெப்பீங்களா?" கத்தும்போதுகூட என் வாயிலிருந்து 'ங்க' போகவில்லை. வாட்ச்மேன் வந்து என் தோளில் கை வைத்தார். அந்தச் சத்தத்துக்கு, தியேட்டர் உடையோடு ஒரு இளம் டாக்டரம்மா எட்டிப் பார்த்தார். நாங்கள் காத்துக்கிடந்த மயக்க டாக்டர் அவர்தான். மகள் தண்ணீர் குடித்ததை நர்ஸம்மா அவரிடம் சொன்னார்.

"எவ்வளவு குடிச்சா?"

"ரெண்டு மூணு வாய் இருக்குமுங்க."

"வெறும் தண்ணிதானே? பயப்படாதீங்க. இன்னொரு கேஸ் இருக்கு, அதை முடிச்சுட்டு இவளை எடுத்துக்கறேன்." போகத் திரும்பியவர் நின்றார். "ஆபரேஷனுக்கு ரெண்டு மணி நேரம் முன்ன வரைக்கும் தண்ணி குடுக்கலாமே. யாரும் சொல்லலையா?"

நான் நர்ஸம்மாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. "எப்பக் கூப்புடுவீங்கன்னு எங்களுக்கே தெரியறதில்லீங்க டாக்டர். அதனால யாருக்குமே குடுக்கறதில்ல" என்றார். பொய் சொல்கிற குரல் இல்லை அது.

அப்போது வந்த கோபத்துக்கு முன்னால், கத்தியபோது வந்தது ஒன்றுமே இல்லை. தண்ணீர் கொடுத்திருக்கலாம் என்பதை மனைவியிடம் அன்றைக்கு நான் சொல்லவில்லை.

அன்று மதியம் ஆபரேஷன் நடந்தது. "வீக்கம் ஜாஸ்தி, கொஞ்சம் சிரமப்பட்டுட்டோம்" என்றார் எலும்பு டாக்டர். மகள் கண் விழித்ததும் கேட்டது தண்ணீர்தான். அதற்கும் கொஞ்ச நேரம் பொறுக்கச் சொன்னார்கள்.

கட்டும் கம்பியும் எடுத்த பிறகும் அவள் கை முழுதாக நீளவில்லை. முதல் நாளே பண்ணியிருந்தால் சரியாகியிருக்குமா என்று எலும்பு டாக்டரிடம் கேட்டேன். "சொல்ல முடியாதுங்க. அன்னைக்கே பண்ணியிருந்தாலும் இப்படி ஆகலாம்" என்றார். சரியாகியிருக்கும் என்றோ ஆகியிருக்காது என்றோ சொல்லியிருந்தால் மனசு ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். விபத்தில் அடிபட்டு வந்தவர்கள் மேல் கோபப்பட முடியாது. நர்ஸம்மா ஒருவராக எத்தனை படுக்கை பார்த்தார் என்பதையும் கண்ணால் பார்த்தேன். ஆனாலும் கோபம் போகவில்லை. யார் மேல் என்று தெரியாமலே கிடக்கிறது.

இப்போது தினமும் சாயங்காலம் அவள் கையை என் மடியில் வைத்து, ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்தபடி மெல்ல அழுத்தி நீட்டுகிறேன். அவள் கத்துகிறாள். மனைவி எழுந்து சமையல்கட்டுக்குப் போய்விடுகிறாள்.

"இன்னும் கொஞ்சந்தான் சாமி."

"எப்பப்பா சரியாகும்?"

"தெரியல கண்ணு" என்கிறேன்.