அத்தை அடுப்பென்று ஒப்புக்கொள்ளாத பெட்டி

அம்மாவுக்கு வலிப்பு வர ஆரம்பித்த பிறகு, செங்கல்பட்டில் டாக்டர் சொல்லிவிட்டார்: நெருப்புப் பக்கம் போகக் கூடாது, கிணற்றுப் பக்கம் போகக் கூடாது, தண்ணீரில் தனியாக இறங்கக் கூடாது.

"கடல் மண்ணுல வூடு கட்டிகினு கீறோம். தண்ணி பக்கம் போவாதன்னா எங்க சார் போறது?" என்று நான் கேட்டேன். டாக்டர் சிரிக்கவில்லை. அம்மா சிரித்தாள். சதுரங்கப்பட்டினம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவள் முகம் மாறியது.

"அப்போ சோறு ஆக்கறது யாரு?" என்றாள்.

ஏற்கெனவே ஒருமுறை அடுப்படியில் விழுந்து முழங்கை வெந்து போயிருந்தது. அதனால் நைனா பேச்சுக்கே இடம் வைக்கவில்லை. பக்கத்து வீட்டில் இருக்கும் அவருடைய அக்கா, என் அத்தை, வந்து ஆக்கினாள். அத்தையின் குழம்பில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அம்மா சொந்த வீட்டில் விருந்தாளி மாதிரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். புளி கரைக்கிற சத்தம் கேட்டால் கழுத்தை நீட்டிப் பார்ப்பாள். தட்டில் போட்டதைப் பேசாமல் சாப்பிடுவாள். எங்கள் வீட்டில் பேசாமல் சாப்பிடும் வழக்கமே கிடையாது. அதுவரை நைனா முதல் வாய் வைத்ததும், "உப்பு கம்மி" என்பார். உப்பு சரியாக இருந்தாலும் சொல்வார். அம்மா நிமிராமலே, "கடல்ல போய் அள்ளிகினு வா" என்பாள். இது தினமும் நடக்கும். அத்தை ஆக்க ஆரம்பித்ததும் நைனா அதை நிறுத்திவிட்டார்.

நான் படூரில் வீடு மாற்றுகிறவர்களிடம் சுமை தூக்கும் வேலை பார்க்கிறேன். பத்தாவதில் சயின்ஸில் ஊற்றிக்கொண்டவனுக்கு ஃப்ரிட்ஜைத் தலைகீழாகச் சாய்க்கக் கூடாது என்கிற அளவு சயின்ஸ் அங்கேதான் கிடைத்தது. ஒரு ஃப்ளாட்டைக் காலி செய்தபோது, அந்த வீட்டு அக்கா பழைய மைக்ரோவேவ் ஒன்றைக் காட்டி, வேண்டுமென்றால் எடுத்துக்கொள் என்றார். கூடவே ஒரு கண்ணாடிப் பாத்திரமும் கொடுத்தார். பைக்கில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

"இன்னாடா இது, டிவியா? படம் வருமா?" என்றாள் அம்மா.

"வரும்மா. ஒரே படந்தான். மீனு சுத்தும்."

அம்மா அதற்கு மஞ்சள் தடவி, கதவுக் கண்ணாடியில் குங்குமம் வைத்தாள். எங்கள் பக்கம் புது போட்டிலிருந்து ஐஸ் பெட்டி வரை எதற்கும் பொட்டு வைக்காமல் விடமாட்டார்கள். நான் உள்ளே ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துப் பட்டனை அழுத்தினேன். தண்ணீர் கொதித்தது. அத்தை குனிந்து கீழே நெருப்பைத் தேடினாள்.

"நெருப்பு இல்ல அத்தே. கண்ணுக்குத் தெரியாத அலை ஒண்ணு உள்ள அடிக்குது. அது சோத்துல, மீனுல இருக்கிற தண்ணிக்குக் கிச்சுகிச்சு மூட்டுது. தண்ணி துள்ளித் துள்ளி சூடாவுது. அந்தச் சூட்டுலயே எல்லாம் வெந்துடுது."

"நீ கப்சா வுட்றதுல மட்டும் பாஸு" என்றாள் அத்தை.

"நான் கைய வெச்சா?" என்றாள் அம்மா.

"கதவு மூடினாதான் அது ஓடும். தொறந்தா வுடனே நின்னுடும். சொன்ன பேச்சு கேக்கும், உன்ன மாதிரி இல்ல."

எவர்சில்வர் மட்டும் வைக்கக் கூடாது, அலை அதில் பட்டுத் திரும்பிவிடும், பொறி பறக்கும், மற்றபடி பாத்திரம் சுடாது, உள்ளே இருப்பதுதான் சுடும் என்று சொல்லிவைத்தேன். அம்மா கண்ணாடிப் பாத்திரத்தை நம்பவில்லை. தன் சின்ன மண்சட்டியைக் கழுவி எடுத்து வந்தாள். குழம்பு கொதித்தது. சட்டியைத் தொட்டவள் கையை உதறினாள்.

"சட்டி சுடாதுன்னியேடா, பொய்யா?"

அப்புறம்தான் யோசித்தேன். கழுவிய மண்சட்டி தண்ணீரைக் குடித்து வைத்திருக்கிறது. அலைக்கு அதுவும் குழம்புதான். அன்றிலிருந்து சட்டியை முதல் நாளே கழுவி வெயிலில் காயவைத்துவிடுவாள். எனக்குத் தெரியாத இன்னொன்றையும் அவளே பிடித்தாள். சூடு எல்லா இடத்திலும் ஒன்றுபோல் விழுவதில்லை. தட்டு சுற்றினாலும் ஒரு பக்கத்து மீன் முந்தி வெந்துவிடும். அதனால் பாதியில் நிறுத்தி, சட்டியை ஆட்டித் திருப்பி வைப்பாள். பொரிக்க வராது. கருவாட்டை வைத்தால் காய்ந்து தீய்ந்த நாற்றம்தான் வரும். குழம்பு மட்டும் அவள் குழம்பாகவே வந்தது.

கரண்ட் அடுப்பு வாங்கலாமே என்று நைனா முன்பு ஒருமுறை கேட்டிருந்தார். கொதிக்கிற சட்டி எந்த அடுப்பில் இருந்தாலும் மேலே சாய்ந்தால் உடம்பு வேகும்தானே. இதில் கொதிப்பதெல்லாம் கதவுக்குப் பின்னால். அவள் விழுந்தாலும் அது பாட்டுக்கு ஓடி, நேரம் முடிந்ததும் தானே நின்றுவிடும். எனக்கு அது போதும்.

சோறு அத்தை வடிப்பாள், குழம்பு அம்மா வைப்பாள் என்று ஆனது. நைனா மறுபடியும், "உப்பு கம்மி" என்றார். அத்தைக்கு மட்டும் மனசு ஆறவில்லை. "நெருப்பு இல்ல, பொக இல்ல, தாளிப்பு இல்ல. இது அடுப்பே இல்ல. டிவி பொட்டி" என்று தினமும் ஒருமுறையாவது சொல்வாள். அம்மா பெட்டிக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து, மீன் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். "இப்போ பாட்டு சீனா?" என்பேன். "போடா" என்பாள்.

மார்கழியில் ஒரு பகல். நைனா வலை பிரித்துக்கொண்டு கரையில் இருந்தார். நான் படூரில் ஒரு கட்டிலைப் படியில் இறக்கிக்கொண்டிருந்தேன். போன் வந்தது. அம்மா பாயில் படுத்தபடியே போய்விட்டாளாம். தூக்கத்தில் வலிப்பு வந்திருக்கிறது.

"பொட்டி கூவிகினே இருந்துச்சி. சமையல் முடிஞ்சும் தொறக்காம இன்னா பண்றான்னு வந்து பார்த்தேன்" என்று அத்தை வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். கதவைத் திறக்காவிட்டால் அது விட்டு விட்டுக் கூவி, கடைசியில் தானே அடங்கிவிடும். எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியவில்லை.

இழவு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது. அன்றைக்கு ஆக்கி வைத்ததையும் சாப்பிடக் கூடாது. அத்தைதான் முன்னால் நின்று குடத்துத் தண்ணீரைக் கவிழ்த்தாள், சோற்றைக் கொட்டினாள், கேஸை மூடினாள். அலமாரியில் இருந்த ஊறுகாயைக்கூட விடவில்லை. மறுநாள் காலையில் அம்மாவை எடுத்தோம். திரும்பி வந்து குளித்து உட்கார்ந்தோம். அக்கம்பக்கத்தில் கொடுத்தனுப்பிய சோறு நைனா முன்னால் இருந்தது. அவர் முந்தின நாளிலிருந்து தண்ணீர் தவிர எதுவும் தொடவில்லை. பிசைந்து பிசைந்து வைத்தாரே தவிர வாயில் வைக்கவில்லை.

போனுக்கு சார்ஜ் போட, பெட்டியின் பிளக்கைப் பிடுங்கப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் மண்சட்டி தெரிந்தது.

எல்லாப் பாத்திரத்தையும் கவிழ்த்தவர்கள் இதைத் திறந்தே பார்க்கவில்லை. யாருக்கும் அது அடுப்பென்று தோன்றவில்லை.

எடுத்தேன். சங்கரா மீன் குழம்பு. நைனா எழுந்து வந்து மோந்து பார்த்தார். "கெட்டுப் போவல" என்றார். சட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

அத்தை வாசலிலிருந்து பார்த்துவிட்டாள். "கீழ வைடா தம்பி. சாவு அன்னிக்கி ஆக்கனது. ஆவாது. எடுத்துப் போய் கடல்ல கொட்டிடு."

"அக்கா, கொட்டிட்டா அப்புறம் இது எங்க கெடைக்கும்?" என்றார் நைனா.

சூடு பண்ணாமல் கொடுத்தாலும் அவர் சாப்பிட்டிருப்பார். ஆனால் ஆறிய குழம்பை அம்மா ஒருநாளும் அவருக்கு ஊற்றியதில்லை.

நான் கேட்டேன். கிண்டலாகக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன், குரல் அப்படி வரவில்லை. "அத்தே, இது அடுப்பா?"

அத்தை பெட்டியைப் பார்த்தாள். குங்குமம் இன்னும் இருந்தது. முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"அது எங்கடா அடுப்பு" என்றாள். "டிவி பொட்டி."

சொல்லிவிட்டுப் போய் வாசற்படியில், தெருவைப் பார்த்து, உள்ளே யாரும் வர முடியாதபடி உட்கார்ந்துகொண்டாள்.

சட்டியை வைத்துப் பட்டனை அழுத்தினேன். நைனா முக்காலியில் உட்கார்ந்தார். விளக்கு எரிந்தது, சட்டி சுற்றியது. அவர் கண் எடுக்காமல் பார்த்தார். பாதியில் நிறுத்தி, அம்மா செய்வது போல ஆட்டித் திருப்பி வைத்தேன். முடிந்ததும் பெட்டி கூவியது. நாங்கள் இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. மறுபடி கூவியது. நைனாதான் திறந்தார்.

சோற்றில் ஊற்றிப் பிசைந்து முதல் வாய் வைத்தார். மெதுவாக மென்றார்.

"உப்பு கம்மி" என்றார்.

பதில் எனக்கும் தெரியும். வாசலில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த அத்தைக்கும் தெரியும். நாங்கள் சொல்லவில்லை. நைனா கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, அடுத்த வாயை எடுத்தார்.