அக்காவின் தூளும் ட்ரெயிலரின் மூக்கும்

அக்காவுக்கு இனி வைத்தியம் இல்லை என்று அவளுடைய மகள் போனில் சொன்னபோது நான் ரொறன்ரோவுக்குப் பக்கத்து ஊரான ஸ்ரௌவ்வில்லில் எங்கள் வீட்டு வாசலில் நின்று ஒரு இரும்புக் கொக்கியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். கல்நெஞ்சுக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். அந்தக் கொக்கி சரியாக அமையாமல் அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

அக்கா இருந்தது தண்டர் பே என்ற நகரத்தில். ரொறன்ரோவிலிருந்து பிளேனில் ஏறினால் ஒரு குட்டித் தூக்கம் போடுவதற்குள் இறங்கிவிடலாம். "ஒருக்கா பறந்துபோய்ப் பாத்திட்டு வாவன்" என்று எல்லாரும் சொன்னார்கள். சொன்னவர்கள் அத்தனை பேருக்கும் என் மகனைத் தெரியும். தெரிந்துகொண்டே சொன்னார்கள் என்பதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மகனுக்கு இருபத்துநான்கு வயது. ஓட்டிசம். பேச்சு இல்லை. ஆள் என்னைப்போல இரண்டு மடங்கு. இரவில் கண் விழித்தால் பக்கத்தில் நான் இருக்க வேண்டும். பித்தப்பை ஒப்பரேஷனுக்காக நான் ஒரே ஒரு இரவு ஆஸ்பத்திரியில் தங்கினேன். அவன் சுவரில் தலையை அடித்து, நெற்றி பிளந்து, நான் படுத்திருந்த ஆஸ்பத்திரிக்கே அம்புலன்ஸில் வந்து சேர்ந்தான். பிளேன் அவனுக்குச் சரிவராது. ஹோட்டலும் சரிவராது. ஒருமுறை ஹோட்டலில் நெருப்பு மணி அடிக்கப்போய், கதவை உடைத்துக்கொண்டு ஓடினான். அதோடு எங்கள் பயணங்கள் எல்லாம் முடிந்துபோயின.

பிறகுதான் ட்ரெயிலர் வந்தது. கணவர் வீடுகளுக்குத் தரை போடுகிறவர். வேலை செய்த வீடொன்றின் பின்வளவில் கிடந்ததை வாங்கித் தன் பிக்கப் ட்ரக்கில் மெல்ல மெல்ல இழுத்து வந்தார். கட்டில், அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ள, சில்லு வைத்த சின்ன வீடு. மகன் ஏறினான், முன்பக்கத்துக் கட்டிலில் படுத்தான், விடியும்வரை அசையாமல் தூங்கினான். எனக்கு நம்ப முடியவில்லை. கோடை முழுக்க அவனும் நானும் அதற்குள்தான் படுத்தோம். அவன் நித்திரைகொள்கிற இடத்துக்குச் சில்லு இருக்கிறது, ஆகவே அவனையும் கொண்டு அக்காவிடம் போகலாம் என்று எனக்குப் பட்டது அப்போதுதான்.

ஆனால் பக்கத்துத் தெருவிலிருந்து இழுத்து வருவது வேறு, தண்டர் பே வரை இரண்டு நாள் இழுப்பது வேறு. ட்ரெயிலரின் மூக்கு ட்ரக்கின் வாலில் அழுத்தும். அழுத்தம் கூடினால் ட்ரக்கின் முன் சில்லுகள் இலேசாகி ஸ்டியரிங் சொல்வழி கேளாது. குறைந்தால் ட்ரெயிலர் பின்னால் ஆடத் தொடங்கும். அழுத்தத்தை இரண்டு இரும்புச் சட்டங்களில் வாங்கி எல்லாச் சில்லுகளுக்கும் பகிர்ந்து கொடுக்கிற ஹிச் என்ற இணைப்புக் கொக்கி ஒன்று விற்கிறார்கள். அதிலும் வகைகள். சங்கிலியில் தொங்கும் சட்டம் சத்தம் போடாது, ஆட்டத்தையும் பெரிதாகத் தடுக்காது. உராய்வில் பிடிக்கிற வகை ஆட்டத்தை அடக்கும், ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் பழைய படலை போலக் கிரீச்சிடும். மீன் வெட்டும்போதும், வெங்காயம் உரிக்கும்போதும் இந்த வீடியோக்களைத்தான் பார்த்தேன்.

"பெரிசா வாங்குவம். பெரிசு எண்டால் பிழைக்காது" என்றார் கணவர்.

"சப்பாத்தும் அப்பிடித்தான் வாங்குறனீங்களோ?" என்று கேட்டேன். சட்டம் பாரத்துக்கு அளவாக இருக்க வேண்டும்.

நான் சங்கிலி வகையைத்தான் தேர்ந்தேன். வீட்டில் கிரைண்டர் போட்டாலே மகன் காதைப் பொத்திக்கொண்டு நிலத்தில் விழுவான். வழி முழுக்கக் கிரீச்சிடுகிற ஒன்றை அவன் எப்படித் தாங்குவான்? ஆட்டத்தை அவருடைய கை பார்த்துக்கொள்ளும், சத்தத்தை யார் பார்ப்பது என்று நினைத்தேன். கடைக்கார வெள்ளைக்காரர், ட்ரெயிலர் கதவில் ஒட்டியிருந்த எடையைப் பார்த்துவிட்டு, "உள்ளே என்ன ஏற்றுவீர்கள்?" என்று கேட்டார். "கொஞ்ச உடுப்பு" என்றேன். பொய் சொல்லவில்லை. எங்கள் ஆட்களுக்கு உடுப்பும் தளபாடமும்தான் சாமான். சாப்பாடு சாமானில் சேர்த்தியில்லை.

அக்கா வீட்டுக்கு வெறுங்கையோடு போவதா? அரிசி மூட்டை ஏறியது. தேங்காய்ப்பால் பெட்டி, பொரித்து வைத்த மோர்மிளகாய், ஐஸ்பெட்டியில் துண்டு போட்ட மீன், அங்கே கிடைக்காது என்று மரவள்ளிக் கிழங்கு. ஆட்கள் வந்து போவார்கள், சமைக்க வேண்டும் என்று பெரிய சட்டிகள். எல்லாவற்றுக்கும் மேலாகத் தூள். மிளகாயும் மல்லியும் நானே வறுத்து, மில்லில் கொடுத்து அரைத்த கறித்தூள். வருஷா வருஷம் அக்காவுக்குத் தபாலில் அனுப்புவேன். கிடைத்த அன்றே போன் எடுப்பாள், நன்றி சொல்வதற்கு இல்லை. "மல்லி கூடிப்போச்சு." "கருவேப்பிலையைக் கருக்கிப்போட்டாய்." இத்தனை வருஷத்தில் ஒரு தூளாவது அவள் வாயால் நல்லது என்று பெயர் எடுத்ததில்லை.

எல்லாவற்றையும் பின்பக்கம்தான் ஏற்றினேன். மகனுடைய கட்டிலுக்குக் கீழே பெரிய இடம் இருந்தது. ஆனால் அங்கே எதை வைத்தாலும் அவன் எடுத்துக் கொண்டுவந்து கதவடியில் வைத்துவிடுவான். அவனோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. கணவர் சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசுக்கினார். புறப்பட்டோம்.

பாரி நகரத்தைத் தாண்டி ஒரு இறக்கத்தில் பெரிய லொறி ஒன்று எங்களை முந்தியது. அதன் காற்று அடித்ததும் ட்ரெயிலர் ஒருபக்கம் சரிந்தது, திரும்பி மறுபக்கம் சரிந்தது. ஒவ்வொரு தரமும் முன்னதைவிட அகலமாக. ட்ரக்கின் பின்பக்கத்தையும் சேர்த்து இழுத்தது. மகன் ஜன்னலில் தலையை அடித்துக்கொண்டு கத்தினான்.

"பிரேக்கை மிதிக்காதேங்கோ! காலை எடுங்கோ, காலை எடுங்கோ!" என்று நானும் கத்தினேன்.

அவர் ட்ரெயிலரின் பிரேக்கை மட்டும் கையால் அமர்த்தி, எப்படியோ தெருவோரத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். இறங்கி ஓடி ட்ரெயிலர் கதவைத் திறந்தேன். தூள் பையொன்று வெடித்திருந்தது. கட்டில், சுவர், கூரை எல்லாம் செம்மஞ்சள். தும்மித் தும்மிக் கண்ணீர் வந்தது. எது தும்மலில் வந்த கண்ணீர், எது மற்றது என்று எனக்கே தெரியவில்லை. ஊர்ந்து ஊர்ந்து வீட்டுக்கே திரும்பினோம்.

அன்று பின்னேரம் அக்காவின் மகள் திரும்பப் போன் எடுத்தாள். "சித்தி, டொக்டர் இப்ப வீக்ஸ் எண்டு சொல்லேல்லை. டேய்ஸ் எண்டுதான் சொல்றார். யூ ஹாவ் டு கம். அம்மா உங்களைத்தான் கேக்கிறா."

ட்ரெயிலர் படியில் இருந்து அழுதேன். கதவுச் சட்டத்தில் தலையை அடித்தேன், என் மகன் அடிப்பானே, அதேபோல. அந்த நேரம் நான் அவனை வெறுத்தேன். எழுதக் கை கூசுகிறது. இவன் இல்லாவிட்டால் இந்நேரம் அக்காவின் கட்டிலருகில் இருப்பேனே என்று நினைத்தேன். அவன் வந்து, என் நெற்றிக்கும் சட்டத்துக்கும் நடுவில் தன் கையை வைத்தான். அவனுக்கு நான் செய்வது அதைத்தான். எனக்கு அழுகை இன்னும் கூடியது.

அடுத்த நாள் ட்ரெயிலரை அப்படியே கடைக்கு மெல்லக் கொண்டுபோனோம். கடைக்காரர் ட்ரெயிலரின் மூக்குக்குக் கீழே தராசை வைத்தார். முள் ஏற மனமில்லாமல் கிடந்தது. பின்பக்கத்தைத் திறந்து பார்த்தார். மூட்டைகளைப் பார்த்தார், சட்டிகளைப் பார்த்தார். வாலில் பாரம் இருக்கும்வரை எந்த ஹிச்சும் உதவாது என்றார். இருக்கிற பாரத்தைத்தான் ஹிச் பகிரும், இல்லாத மூக்குப் பாரத்தை அது உண்டாக்காது. பின்னால் இருப்பதை இறக்குங்கள், தேவையானதை முன்னால் வையுங்கள், அதோடு உராய்வு வகையைப் போடுங்கள். இது எல்லாம் நான் வீடியோவில் நூறு தரம் கேட்டதுதான். கேட்டும், அரிசி மூட்டை ஒரு பாரம் என்று என் மூளைக்கு எட்டவில்லை.

மகனின் காது? கணவர் என் முகத்தைப் பார்த்தார். தலைக்கு மேலே வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன. "கிரீச்சிடுறதையே பூட்டுங்கோ" என்றேன்.

வீட்டுக்கு வந்து மூட்டைகளைக் கராஜில் இறக்கினோம். மீன் பெட்டியைத் தூக்கும்போது கணவர் மெல்லக் கேட்டார்:

"இஞ்சேர், அக்கா இப்ப ஏதும் சாப்பிடுறாவே?"

அக்காவுக்குத் தண்ணீரே இறங்குவதில்லை. அவள் மகள் முன்பே சொல்லியிருந்தாள். தெரிந்துகொண்டுதான் அரிசி மூட்டை கட்டியிருந்தேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் எல்லாவற்றையும் பிடுங்கிப் பிடுங்கிக் கராஜ் தரையில் வீசினேன். வெடிக்காமல் மிஞ்சியிருந்த தூள் பையையும் வீசினேன்.

"உதை மட்டும் முன்னுக்கு வையுமன். ஒரு கிலோதானே" என்றார்.

"ஒரு கிலோவும் வேண்டாம். நீங்கள் பேசாமல் இருங்கோ!"

தன் பையின் அடியில் ஒரு வெள்ளை வேட்டியை அவர் மடித்து வைத்ததை நான் பார்க்காததுபோல இருந்தேன்.

மறுநாள் விடியப் புறப்பட்டோம். முதல் திருப்பத்திலேயே ஹிச் முனகியது, பிறகு கிரீச்சிட்டது. மகனின் கைகள் காதுக்குப் போயின. நான் முருகா முருகா என்று சீட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது திருப்பத்தில் அவன் கையை எடுத்தான். மூன்றாவதில் தானும் அதே சுருதியில் "ங்ங்ங்" என்று முனகினான். சட்பரி தாண்டி, சுப்பீரியர் ஏரியோரம் வளைந்து வளைந்து போன பாதை முழுக்க ஹிச்சும் அவனும் ஒன்றாக முனகிக்கொண்டு வந்தார்கள். லொறிகள் முந்தின. ட்ரெயிலர் ஆடவில்லை. இரவில் அதற்குள் படுத்தோம், அவன் தூங்கினான். நான் போனைப் பிடித்துக்கொண்டு, அது அடித்துவிடக் கூடாது என்று விழித்துக் கிடந்தேன்.

போன் அடிக்கவில்லை. அக்கா இருந்தாள்.

நோயாளிகளைக் கடைசிக் காலத்தில் வைத்துப் பராமரிக்கும் அந்த இல்லத்தின் கார் பார்க்கில் ட்ரெயிலரை நிறுத்தி, மகனைக் கணவரோடு விட்டுவிட்டு உள்ளே ஓடினேன். கட்டிலில் போர்வைதான் கிடந்தது போல இருந்தது. அவ்வளவு சிறுத்துப்போயிருந்தாள். கண்ணைத் திறக்க நேரம் எடுத்தது.

"வந்திட்டியோ" என்றாள். பிறகு, "தூள் கொண்டந்தனியோ?"

"ஓமக்கா" என்று சொல்லிவிட்டேன்.

"எடுத்துத் தா. மணந்து பாப்பம்."

ஓடினேன். ட்ரெயிலருக்குள் ஏறி ஒவ்வொரு கதவாகத் திறந்தேன். எல்லாம் நானே துடைத்து, வக்கூமால் உறிஞ்சி, கழுவி வைத்த சுத்தம். ஒரு கிலோ. ஒரு கிலோவால் எந்த ட்ரெயிலர் ஆடியிருக்கும்? மகன் தன் கட்டிலில் இருந்து என்னைப் பார்த்து ஹிச்சின் சுருதியில் முனகினான். நிலத்தில் படுத்து, பின் இருக்கைக்குக் கீழே, துணி போகாத ஒரு தகர இடுக்கில் விரலை விட்டேன். நகத்தில் செம்மஞ்சளாக ஏதோ ஒட்டியது. சுரண்டிச் சுரண்டி உள்ளங்கையில் சேர்த்தேன். ஒரு சிட்டிகை கூட இல்லை.

கையை மூடிக்கொண்டு திரும்ப ஓடி, அக்காவின் மூக்கடியில் விரித்துப் பிடித்தேன். அவள் கண்ணை மூடி இழுத்தாள். கொஞ்சம் பொறுத்து இன்னொருமுறை இழுத்தாள். புருவம் சுருங்கியது.

"பெருஞ்சீரகம் காணாதடி" என்றாள்.

"ஓமக்கா" என்றேன். "அடுத்தமுறை கூடப் போடுறன்."