கந்தசஷ்டியில் வந்த இரசாயனப் பரீட்சை

“ஒனிஹங்காவிலை ஒரு பெட்டை சஷ்டி விரதம் பிடிச்சு, சோதினை எழுதப் போன இடத்திலை மயங்கி விழுந்ததாம்.” நம் கோயில் மடப்பள்ளியில் கொஞ்சக் காலம் இப்படி ஒரு கதை உலாவியது. அந்தப் பெட்டை நான்தான். கதையில் பாதி உண்மை. மீதியை இன்று நானே சொல்லிவிடுகிறேன். விட்டால் என்னை ஒருமுறை கொன்று பிழைக்கவும் வைத்துவிடுவீர்கள்.

என் பெயர் மயூரி. பன்னிரண்டு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து நியூசிலாந்துக்கு, ஆக்லாந்தின் ஒனிஹங்காப் பகுதிக்கு வந்தேன். அப்பாவுக்குப் பென்ரோஸில் ஒரு கிட்டங்கியில் வேலை. அம்மா முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பாளர். நான் ஒரே பிள்ளை. நான் டொக்டராக வேண்டும் என்று வீட்டில் யாரும் என்னை வற்புறுத்தியதில்லை. எனக்கே அந்தப் பைத்தியம் இருந்தது.

இங்கே பள்ளிக்கூடம் முடிந்த கையோடு மருத்துவப் பீடத்துக்குப் போக முடியாது. முதலில் பல்கலைக்கழகத்தில் ஒரு வருடம் பொதுப் பாடங்கள், இரண்டு செமஸ்டர். அந்த மதிப்பெண்களைப் பார்த்துத்தான் நேர்காணலுக்குக் கூப்பிடுவார்கள். முதல் செமஸ்டரில் எல்லாப் பாடத்திலும் மேல் தரம் எடுத்தேன். அம்மா கோயிலில் பொங்கல் செய்து கொடுத்தா. இரண்டாவது செமஸ்டரில் எல்லாம் கெட்டது.

எப்படிக் கெட்டது என்று எனக்கே அப்போது விளங்கவில்லை. இருந்த இடத்தில் இருக்க முடியவில்லை. புத்தகத்தை விரித்தால் ஒரு பக்கம் முடிவதற்குள் எழுந்து நடந்தேன். ரயிலில் என் கால் ஆடுகிற ஆட்டத்தில் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து வேறிடம் போனார். இங்கத்தைய ஆகஸ்ட் குளிரில் யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வியர்த்தேன். நெஞ்சு சும்மா இருக்கும்போதே ஓடிவந்தது போல அடித்தது. முடி கொட்டியது. உடம்பு மெலிந்தது. கோயிலில் மாமிமார் கண்டுவிட்டு, “நல்லா மெலிஞ்சு வடிவா வந்திட்டீர், என்ன சாப்பிடுறீர்?” என்று விசாரித்தார்கள். எனக்கு அழுகைதான் வந்தது.

அந்த வடிவுதான் அம்மாவைக் கலக்கியது. நாவூறு பட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிட்டா. உப்பையும் செத்தல் மிளகாயையும் என் தலையைச் சுற்றி எடுத்து, மின்சார அடுப்பில் சட்டி வைத்துக் கருக்கினா. வீட்டிலிருந்த புகை அலாரம் ஒனிஹங்கா முழுக்கக் கேட்கும்படி கத்தியது. அப்பா கதிரையில் ஏறி நின்று துவாயால் விசிறினார். “கனக்க நெடி வந்தா நாவூறு இல்லையெண்டு அர்த்தம்” என்று இருமிக்கொண்டே சொன்னார். “வாயை மூடுங்கோ” என்றா அம்மா.

செமஸ்டரின் இடையில் வந்த மதிப்பெண்கள் ஒவ்வொன்றும் அடியாக இருந்தன. நல்ல மதிப்பெண் எடுத்துப் பழகியவளுக்குச் சராசரி மதிப்பெண் எப்படி இருக்கும் என்று அதுவரை தெரியாது. யாரிடமும் சொல்லவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம், “ஓம், நல்லாத்தான் போகுது” என்றேன். முருகனிடம் மட்டும் பேரம் பேசினேன்.

ஊரில் ஐப்பசி என்றால் மழை. இங்கே ஐப்பசி என்றால் ஆண்டிறுதிப் பரீட்சை. கந்தசஷ்டி ஒவ்வொரு வருடமும் அதற்குள்தான் வந்து விழும். அந்த வருடம் ஆறு நாளும் பாலும் தண்ணீரும் மட்டும் குடித்து விரதம் பிடிப்பதாக நேர்ந்துகொண்டேன். அம்மா மறித்தா. “சோதினை முடியட்டும் பிள்ளை, அவன் கோவிக்க மாட்டான்” என்றா. நான் கேட்கவில்லை. முருகா, நான் பட்டினி கிடக்கிறேன், நீ எனக்கு மெடிசின் தா. இதுதான் என் ஒப்பந்தம். அவன் ஒப்புக்கொண்டானா என்று நான் கேட்கவே இல்லை.

ஐந்தாம் விரதத்தன்று இரசாயனப் பரீட்சை. முதல் கேள்வியை மூன்று தரம் வாசித்தேன். எழுத்துகள் ஓரிடத்தில் நிற்கவில்லை. நெஞ்சு தொண்டைக்குள் வந்து இடித்தது. மேற்பார்வையாளரைக் கூப்பிடக் கையை உயர்த்தியது ஞாபகம் இருக்கிறது. கண் திறந்தபோது மாணவர் மருத்துவ நிலையத்தில் படுத்திருந்தேன்.

அங்கே ஒரு டொக்டர். பெயர் வசுமதி, சென்னைக்காரி. என் கையில் கட்டியிருந்த காப்புக் கயிற்றைப் பார்த்ததும் தமிழில் தொடங்கிவிட்டார்.

“என்னம்மா சாப்பிட்ட?”

“பால்.”

“வேற?”

“தண்ணி. சஷ்டி விரதம்.”

“சரிதான். முருகன் உன்னை எக்ஸாம் ஹால்ல விழுந்து கும்பிடச் சொன்னாரா?”

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் பகிடி விட்டபடியே என் நாடியைப் பிடித்தவர், திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டார். இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொன்னார். விரல்களின் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். தாள் படபடவென்று நடுங்கியது. தண்ணீர் குடிக்கச் சொல்லிவிட்டு என் கழுத்தையே பார்த்தார். பின்னால் வந்து நின்று கழுத்தைத் தடவினார்.

“இது பட்டினி மட்டும் இல்லம்மா. எவ்வளவு நாளா இப்படிப் படபடப்பா இருக்கு?”

நான் அழுதேன். அத்தனை மாதத்தில் அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

மறுநாள் சூரன்போர். கோயிலுக்குப் புறப்படுகிற நேரத்தில் டொக்டர் தொலைபேசியில் வந்தார். முதல் நாள் எடுத்த இரத்தத்தின் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. தைரொய்ட் சுரப்பி கண்டபடி ஓடிக்கொண்டிருந்தது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். இன்னும் கொஞ்ச நாள் கவனிக்காமல் விட்டிருந்தால் இருதயம் தாங்கியிராது என்று அங்கே சொன்னார்கள். அம்மா அந்த இடத்திலேயே முருகா என்று நெஞ்சில் கை வைத்து உட்கார்ந்துவிட்டா.

மாத்திரை தொடங்கியது. ஆனால் மதிப்பெண்? மயங்கி விழுந்த அந்தப் பரீட்சைக்குப் பல்கலைக்கழகம் பரிவு காட்டியது. மற்றப் பாடங்களுக்கு எதுவும் செய்ய முடியாது என்றார்கள். நோய் என்று தெரியுமுன்பே அவற்றில் பாதி மதிப்பெண் போய்விட்டிருந்தது. நேர்காணல் அழைப்பு வரவில்லை. என்னோடு படித்தவர்கள் நேர்காணலுக்கென்று புதுச் சட்டை வாங்கினார்கள். நான் என் அறைக் கதவைச் சாத்தினேன்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய், சந்நிதிக்கு முன்னால் நின்று அவனோடு சண்டை பிடித்தேன். “உனக்காகத்தானே பட்டினி கிடந்தேன்? உனக்கு நான் என்ன குறை வைத்தேன்? ஏன் என்னை விழுத்தினாய்?” மனதுக்குள் பேசுவதாகத்தான் நினைத்தேன். வாய்விட்டுப் பேசியிருக்கிறேன். பக்கத்தில் நின்ற அம்மா என் கையைப் பிடித்தா.

“விழுத்தினபடியாத்தானேடி பிடிபட்டது? நீ விழாட்டி நான் இப்பவும் மிளகாயை எரிச்சுக்கொண்டெல்லே இருந்திருப்பன்.”

நான் கேட்டது ஒரு இடம். அவன் முதலில் என் உயிரைப் பார்த்திருக்கிறான். நானோ அதற்காக அவனைத் திட்டிக்கொண்டு நிற்கிறேன். அன்றுதான் முதன்முறையாகப் பேரம் இல்லாமல் கும்பிட்டேன். “ஒரு பக்கத்தை இருந்து வாசிக்கிற அமைதியைத் தா, அது போதும்” என்றேன்.

கொஞ்சம் கொஞ்சமாக அது வந்தது. மாத்திரையால் வந்தது என்பீர்கள். ஓம், மாத்திரையால்தான். அந்த மாத்திரை என் கைக்கு வந்த வழியைத்தான் நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பட்டம் முடித்தவர்களுக்கு மருத்துவப் பீடத்தில் இன்னொரு வாசல் உண்டு. ஆனால் அங்கேயும் பழைய மதிப்பெண் கூடவே வரும். கெட்ட செமஸ்டரை ஒளிக்க முடியாது. அதற்குப் பிறகு வருகிற நல்ல செமஸ்டர்களால் அதைக் கரைக்கத்தான் முடியும். பட்டப்படிப்பின் மிச்ச வருடங்கள் முழுவதும் கரைத்தேன். ஒவ்வொரு முடிவு வரும்போதும் சராசரியைத் திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டேன். போதுமா, போதாதா என்று அப்பாவை அரித்தெடுத்தேன். கடைசியில் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். உள்ளே என்ன கேட்டார்கள் என்று சொல்லக் கூடாது, சொல்லவும் மாட்டேன். ஆனால் ஒரு நோயாளி ஏன் நோயை மறைக்கிறாள், ஏன் “நல்லாத்தான் இருக்கு” என்று பொய் சொல்கிறாள் என்பதை நான் புத்தகத்தில் தேட வேண்டியிருக்கவில்லை.

கார்த்திகை விளக்கீட்டன்று பதில் வந்தது. இங்கே அப்போது கோடை. எட்டு மணியாகியும் வெயில் போகாது. அம்மா பொறுமையில்லாமல் வெளிச்சத்திலேயே வாசலில் சிட்டி விளக்குகளைக் கொளுத்திக்கொண்டிருந்தா. மனுக்காவ் துறைமுகக் காற்று ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்தது. நான் மின்னஞ்சலை வாசித்துவிட்டு, “அம்மா, கிடைச்சிட்டுது” என்றேன். அம்மா தீக்குச்சியைக் கையிலேயே எரிய விட்டுச் சுட்டுக்கொண்டா. அப்பா ரோட்டில் இறங்கி நின்று அழுதார். எதிர்வீட்டு சமோவா அன்ரி ஏதோ இழவு என்று பயந்து ஓடி வந்தா. விஷயம் தெரிந்ததும் அவவும் சேர்ந்து அழுதா.

இந்த வருடம் மருத்துவப் பீடத்திலும் சஷ்டிக்குள்தான் பரீட்சை. அம்மா விரதம். நான் விடிய எழும்பிக் குளித்து, சுவாமி அறையில் விழுந்து கும்பிட்டு, புட்டும் வாழைப்பழமும் வயிறு நிறையச் சாப்பிட்டு, மாத்திரையும் போட்டுக்கொண்டு போனேன். முருகனுக்குச் சொல்லிவிட்டுத்தான் சாப்பிட்டேன். மண்டபம் அதே மண்டபம். கேள்வித்தாளைத் திருப்பினேன். எழுத்துகள் நின்ற இடத்தில் நின்றன. மேசைக்குக் கீழே பார்த்தேன், என் கால் சும்மா கிடந்தது. கண் நிறைந்துவிட்டது. மேற்பார்வையாளர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

அன்பானவர்களே, உங்கள் பிள்ளை ஒரு தவணை சறுக்கினால் நாவூறு கழியுங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அப்படியே டொக்டரிடமும் காட்டுங்கள். பிள்ளைகளே, நீங்கள் கேட்டது கிடைக்காத நாளில் அவனோடு சண்டை பிடியுங்கள். சந்நிதியில் நின்று சத்தமாகவே பிடியுங்கள், அவன் தாங்குவான். ஆனால் கோபித்துக்கொண்டு வெளியே மட்டும் போய்விடாதீர்கள்.