ஒரு கட்டில், இரண்டு ஷிப்ட்

லண்டனில் எனக்குப் பிடிபடாமல் போனது குளிரல்ல, வாத்தியாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டியிருந்ததுதான். எண்பதுகளின் நடுவில், மாலைக் கல்லூரியில் எங்களுக்குக் கட்டடக்கலை படிப்பித்தவர் ஓர் அமெரிக்கர். மேசையில் ஏறி உட்கார்ந்துகொண்டு தன்னை வால்டர் என்றே கூப்பிடச் சொன்னார். யாழ்ப்பாணத்தில் அப்படிக் கூப்பிட்டிருந்தால் காதைத் திருகியிருப்பார்கள். நான் "வால்டர் சேர்" என்று சமாளித்தேன். அவர் தன் ஊரில் ஒரேயொரு தீயணைப்பு நிலையம் கட்டியவர். அடுத்த வேலையை ஒருவரும் தராததால் ஒரு வருடம் படிப்பிக்க வந்து, பதினைந்து வருடமாகிவிட்டதாம். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

இறுதிச் சோதனைக்கு, நாங்கள் குடியிருக்கும் வீட்டை வரையச் சொன்னார். நான் உண்மையை வரைந்துவிட்டேன். ஹரோவில் மூன்று அறை வீடு, ஐந்து கட்டில், ஒன்பது பேர். எந்தக் கட்டிலில் யார் எத்தனை மணிக்குப் படுப்பது என்றும் எழுதினேன். இரவில் பெற்றோல் செட்டில் வேலைக்கு நிற்கும் எனக்குப் பகல். அதே கட்டிலில், பகலில் பேக்கரிக்குப் போகும் செல்வராசா அண்ணைக்கு இரவு. படத்தைப் பார்த்த வால்டர் துள்ளி எழும்பினார். இப்படியொரு கற்பனையை இத்தனை வருடத்தில் கண்டதில்லையாம். அது கண்காட்சியில் நடுச்சுவரில் தொங்க வேண்டும், தொங்காவிட்டால் புள்ளி இல்லை என்றுவிட்டார்.

வீடு செல்வராசா அண்ணையின் பெயரில் எடுத்தது. வீட்டுக்காரரிடம் மூன்று பேர் என்றுதான் சொல்லியிருந்தோம். கண்காட்சிக்கு, வீட்டில் எத்தனை பேர் என்று சோதிக்கிற கவுன்சில் ஆட்களும் வருவார்கள் என்றதும் அண்ணையின் முகம் வெளிறிவிட்டது.

"உன்ர சோதினைக்கு எங்கட கட்டில்தானோ கிடைச்சது? ஒன்பது பேரும் றோட்டில நிக்கவேண்டி வரும்."

பயம் என்னையும் பிடித்தது. மறுநாள் வால்டரிடம் போய், "சேர், இது கற்பனை இல்லை. நாங்கள் இப்படித்தான் படுக்கிறோம்" என்றேன். அவர் படத்தில் விலாசம் எழுதியிருந்த மூலையைக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மேலே 'கற்பனை வீடு' என்று எழுதினார்.

கண்காட்சியில் கவுன்சில்காரர் ஒருவர் என் படத்தின் முன் நின்று, நல்ல முயற்சிதான், ஆனால் மனிதர்கள் இப்படி வாழ முடியாது என்று எனக்குப் பொறுமையாக விளங்கப்படுத்தினார். நானும் ஒத்துக்கொண்டேன். பாஸாகிவிட்டேன்.

தொண்ணூறுகளில் வால்டர் ஓய்வுபெற்று ஊருக்குத் திரும்பினார். தீயணைப்பு நிலையத்தைச் சாப்பாட்டுக் கடையாக்கிவிட்டார்கள், சாப்பாடு பரவாயில்லை, ஆனால் பரிமாறுகிற பெண் தன்னைப் பார்த்து நீங்கள் எந்த நாடு என்று கேட்கிறாள் என்று எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். அந்த வரியை வாசித்து நான் அழுதேன்.

எனக்கு இப்போது ஹரோவிலேயே சொந்த வீடு, அகலமான கட்டில். இரவில் படுக்கும்போது மட்டும் செல்வராசா அண்ணையின் நேரத்தில் புகுந்துவிட்டதாகவே தோன்றுகிறது. ஓரமாகத்தான் படுக்கிறேன். விடிந்ததும், அடுத்து வருகிறவருக்காக விரிப்பை இழுத்துச் சரிசெய்துவிட்டு எழும்புகிறேன்.