தேறாத முகம்

எங்கள் அலுவலகத்தில் அக்காவுக்கு நாங்கள் வைத்த பெயர் முட்டுக்கட்டை. அரசாங்கச் சேவைகளை மக்கள் வீட்டிலிருந்தே பெறுவதற்கு மின் அடையாளம் ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தோம். நாங்கள் நாயாய் உழைத்து எதைக் கொண்டுபோனாலும், பாதுகாப்பைச் சோதிக்கும் அக்கா அதில் ஓட்டை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார். அந்தப் பட்டப்பெயர் அவருக்கும் தெரியும். "கட்டை இல்லாட்டி வண்டி உருண்டு போயிடும்ல" என்பார், தலையை நிமிர்த்தாமலே.

அடையாளத்தைத் திறக்க முகம் காட்ட வேண்டும். புகைப்படத்தை நீட்டி யாரும் ஏமாற்றாதிருக்க, கேமராவைப் பார், கண்ணைச் சிமிட்டு என்று கணினி கேட்கும். சொன்னபடி செய்தால்தான் ஆள் உயிரோடிருப்பதாக அது நம்பும். சோதிப்பதற்கு முகங்கள் வேண்டியிருந்தன. எங்கள் மூஞ்சிகள் அதற்குச் சலித்துப்போனதால், அக்கா தன் வீட்டுக்காரரைப் பிடித்துவந்தார்.

அவர் பேருந்து ஓட்டுநர். மதிய இடைவேளையில் சீருடையோடு வந்து உட்காருவார். நாங்கள் மாமா என்றுதான் கூப்பிடுவோம். கேமராவைப் பார்க்கச் சொன்னால் மனிதர் பக்கத்தில் இருக்கும் அக்காவைப் பார்ப்பார். 'உயிருள்ள முகம் என்று உறுதிசெய்ய முடியவில்லை' எனச் சிவப்பில் எழுத்து வரும். ஒரு பஸ் நிறைய ஜனம் தன்னை நம்பி ஏறுகிறது, இந்த டப்பாவுக்கு மட்டும் நம்பிக்கை இல்லையா என்று அவர் அலுத்துக்கொள்வார். அக்கா சிடுசிடுப்பார். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம்.

மழைக்காலத்தில் ஒருநாள், பணிமனையில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிய மாமா படியிலேயே சரிந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

அக்கா வேலைக்குத் திரும்பினார். அதே ஓட்டைகள், அதே திருப்பி அனுப்பல். சேவையைத் தொடங்கும் நாள் நெருங்கியது. அதற்கு முன் சோதனைக்காக எடுத்த முகங்களை அடியோடு அழித்துவிட வேண்டும், யாரும் நகல் எடுக்கக் கூடாது, இரண்டு பேர் கடவுச்சொல் போட்டால்தான் அழியும். மூன்றும் அக்கா வைத்த விதிகள். அந்த இரண்டாவது ஆள் நான்.

தேறிய முகங்களின் வீடியோவைக் கணினி வைத்துக்கொள்வதில்லை. பிழை எங்கே என்று பார்ப்பதற்காகத் தேறாதவற்றை மட்டுமே வைத்திருந்தது. அவற்றில் பாதி மாமாதான்.

அக்கா வீட்டு நிலைமை எனக்குத் தெரியும். படம் பிடிப்பதெல்லாம் மாமாதான், அதனால் எந்தப் படத்திலும் அவர் இல்லை. அப்பா குரல் மறந்துவிடும்போல இருக்கிறது என்று மகள் அழுகிறாளாம். நான் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து, ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், நான் திரும்பிக்கொள்கிறேன் என்றேன்.

சோதனைக்கு வந்த ஒரு பெண்ணின் படத்தைத் தன் போனில் ஏற்றிக்கொண்டவனை, அவன் கெஞ்சக் கெஞ்ச வேலையை விட்டு அனுப்பியவர் அக்கா.

"இன்னைக்கு நான் எடுத்துட்டுப் போனா, நாளைக்கு எடுக்கிறவனைக் கேக்க எனக்கு வாய் இருக்காதுடா" என்றார். "ஒரு தடவை பாத்துக்கறேன். அது போதும்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. விதியாம், பொல்லாத விதி. அந்தப் பிள்ளைக்கு என்ன பதில்? ஆனாலும் மாமாவின் வீடியோ ஒன்றைத் திறந்தேன்.

வீடியோ ஓடியது. மாமா சிரித்துக்கொண்டு ஓரமாகப் பார்த்தார். திரைக்கு வெளியிலிருந்து அக்காவின் பழைய குரல் அதட்டியது: "என்னைப் பாக்காதீங்க. கேமராவைப் பாருங்க."

"அதைப் பாத்து என்ன ஆகப்போகுது" என்றார் மாமா.

கீழே அந்தச் சிவப்பு எழுத்து வந்து நின்றது. அக்கா நாற்காலியை இழுத்து, திரையில் மாமாவின் கண் போகும் பக்கமாகப் போட்டு உட்கார்ந்தார். மறுபடி ஓடவிடச் சொன்னார். அந்த அதட்டல் வரும் இடத்தில் ஒலியை நிறுத்தினார்.

"என்னையே பாருங்க" என்றார், திரையிடம்.

வீடியோ முடிந்ததும் தன் கடவுச்சொல்லைப் போட்டுவிட்டு எனக்காகக் காத்திருந்தார். கண்ணீர் மறைத்ததில் இரண்டு தடவை தப்பாகப் போட்டேன். மூன்றாவது தடவை கணினி ஏற்றுக்கொண்டது.