அவர் கலைக்காத தறிகள்

நாலு வருஷத்துக்கு முன்பு, ஆடித்தபசுக் கூட்டம் வடிந்து சங்கரன்கோவில் தெருக்களில் மறுபடி தறிச் சத்தம் கேட்க ஆரம்பித்த வாரம் அது. நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். ஊருக்குள் பன்னிரண்டு விசைத்தறிக் கூடங்களுக்கு நான்தான் ஃபிட்டர். எந்தத் தறி மக்கர் செய்தாலும் எனக்குப் போன் வரும், வண்டியை எடுத்துக்கொண்டு ஓடுவேன்.

அப்போது ராஜபாளையம் பக்கத்து ஆலை ஒன்றில் என்னை வேலைக்குக் கூப்பிட்டார்கள். மாதச் சம்பளம், பி.எஃப்., மனைவியின் ஆஸ்துமாவுக்கு ஈ.எஸ்.ஐ. ஆனால், ஒரு மாதம் வேலையைப் பார்த்த பிறகுதான் நிரந்தரம். வேறொருவர் என்றால் துள்ளியிருப்பார். எனக்குச் சோறு இறங்கவில்லை. வேண்டாமென்று அனுப்பிவிட்டால் என்ன செய்வது? எங்கள் தொழிலில், ஒரு கூடத்தைப் புதிதாகப் பிடிக்கும் ஃபிட்டர் முதல் வேலையாகப் பழைய ஆள் போல்ட்டு முறுக்கி வைத்த செட்டிங்கைக் கலைத்துத் தன் கைக்கு மாற்றிக்கொள்வார். அதன்பின் பழைய ஆள் வந்தாலும் தறி அவர் பேச்சைக் கேட்காது.

அப்படி என் கூடங்களைப் பிடிக்கக்கூடியவர் ஒருவர் இருந்தார். எனக்குப் போட்டி ஃபிட்டர். முன்னொரு தடவை ஒரு முதலாளியிடம் அவர் வேலையைக் குறை சொல்லியிருந்தேன். அது அவர் காதுக்கும் போய், எங்களுக்குள் பேச்சு நின்று இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவர்தான் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் எதிரே வந்து உட்கார்ந்தார்.

“ஏன் வே, ஆலைக்குக் கூப்பிட்டும் முழிச்சிக்கிட்டு இருக்கீராமே? போயித்தான் பாருமே. ஒரு மாசம் உம்ம தறியை நான் பாத்துக்கிடுதேன். திரும்பி வந்தா எடுத்துக்கிடும். வரலேன்னா, எம் பொண்டாட்டி உம்ம பேருக்கு அர்ச்சனை வைப்பா.”

சிரித்தேன், நம்பவில்லை. ஆனாலும் போனேன். ஆலையில் வேலை பிடித்துத்தான் இருந்தது. மனசு மட்டும் ஊரில் கிடந்தது. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, ஸ்பேனரை மறந்துவிட்டேன் என்று பொய் சொல்லிக்கொண்டு ஒரு கூடத்துக்குள் நுழைந்தேன். வேவு பார்க்கத்தான்.

தறிக்குப் பக்கத்துச் சுவரில் சாக்பீஸ் எழுத்து. ‘நாடா தெறித்தது. வார் மாற்றியிருக்கிறேன். உம்ம அளவில்தான் வைத்திருக்கிறேன்.’ நாடா என்றால் ஊடை நூலோடு குறுக்கே ஓடுகிற கட்டை, வார் அதை அடித்துத் தள்ளுகிற தோல்பட்டை. அடுத்த தறியிலும் அப்படியே, தேதி போட்டு. குனிந்து போல்ட்டுகளைத் தடவிப் பார்த்தேன். எல்லாம் நான் முறுக்கிய முறுக்கு.

“என்னண்ணாச்சி, பாத்தியளா? வெள்ளையடிக்கப் போறேன், அழிக்கட்டுமான்னு அந்த ஃபிட்டர்ட்ட கேட்டேன். அவரு வந்து படிக்கட்டும், அதுவரைக்கும் சுண்ணாம்பைத் தொடக் கூடாதுன்னுட்டாவ” என்றார் முதலாளியின் மனைவி. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

மற்றவர் செட்டிங்கில் வேலை செய்வது, மற்றவர் செருப்பில் நடக்கிற மாதிரி. என் வாயால் கெட்ட பேர் வாங்கியவர், எனக்காக அப்படி நடந்திருக்கிறார். அன்று ஆலைக்குத் திரும்பியபோது பயம் இல்லை. பயம் போன பிறகுதான் அந்த வேலை எனக்கு வேண்டும் என்பதே தெளிவாகத் தெரிந்தது.

மாத முடிவில் வேலை நிரந்தரமானது. அடுத்த ஞாயிறு, இனி இவர்தான் ஃபிட்டர் என்று சொல்ல, அவரைக் கூட்டிக்கொண்டு பன்னிரண்டு கூடத்துக்கும் போனேன். நான் குறை சொன்ன அதே முதலாளியிடமும் போய், “நான் சொன்னது தப்பு, இவரு வேலை சுத்தமான வேலை” என்றேன். வெளியே வந்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்: “இனி உம்ம செட்டிங்கைக் கலைக்கலாம்லா வே?”

இப்போதும் சின்ன விஷயத்துக்கெல்லாம் பதறுகிறவன்தான் நான். ஆனால் என் வாழ்க்கையின் பெரிய முடிவு ஒன்றைப் பயமில்லாமல் எடுத்தேன் என்றால், அது என் தைரியமில்லை, அந்த மனிதர் திருகாமல் விட்ட போல்ட்டுகள் கொடுத்த தைரியம்.