இரண்டாம் மாடி ரத்தம்

வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து லேபில் கொடுப்பதுதான் என் வேலை. மும்பை செம்பூரில், குடிசைகளை இடித்து ஆட்களை ஏற்றிய மாடிக் கட்டடங்களில் காலை ஏழு மணிக்கே பையோடு நிற்பேன். ஜன்னலிலிருந்து கை நீட்டினால் எதிர்க் கட்டடத்து ஜன்னல். கீழ்மாடிகளில் பட்டப்பகலிலும் டியூப்லைட் எரியும். இடுக்கில் விழும் குப்பையை யாரும் அள்ளுவதில்லை.

ஒரு வருஷம் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. உடம்புக்குள் எங்காவது அழற்சி இருந்தால் சி.ஆர்.பி. என்ற எண் ஏறும். மேல்மாடிக்காரர்களுக்கு அவ்வளவாக இல்லை. மூன்றாம் மாடிக்குக் கீழே யார் ரத்தம் கொடுத்தாலும் ஏறியே வந்தது. இருமல், மூட்டு வலி, காலையில் மடங்காத விரல்கள். ஒரு அக்கா வீங்கிய கால்விரலிலிருந்து மெட்டியைச் சோப்புப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தாள். மெஷினில்தான் கோளாறு என்று லேப் டெக்னீஷியனோடு சண்டை போட்டேன். அவர் மறுபடி ஓட்டிக் காட்டினார். அதே எண்தான்.

அந்தச் சமயத்தில்தான் தாராவியில் எங்கள் வீடு இடிபட்டது. மாற்று வீட்டுக்கான குலுக்கலில், நான் ரத்தம் எடுக்கப் போகும் அந்தக் கட்டடங்களில் ஒன்றிலேயே எங்களுக்கு வீடு கிடைத்தது. என் வீட்டுக்காரர் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"ஏட்டி, ரெண்டாவது மாடி! லிஃப்ட் கெட்டா நமக்கென்ன?"

பத்தாவது மாடி விழுந்த பக்கத்து வீட்டுக்காரர், மாற்றிக்கொள்ளலாமா என்று கெஞ்சினார். இவர் சிரித்துக்கொண்டே முடியாது என்றார். நான் பக்கத்திலேயே நின்றேன். பைத்தியக்காரி என்பாரோ என்று பயந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தக் கோழைத்தனத்தை நினைத்தால் இன்றும் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

குடிவந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. அவருக்கு இருமல் விடவில்லை. போன வாரம் நானே அவர் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தேன். மறுநாள் லேபில் நான் வாய் திறக்கும் முன்பே டெக்னீஷியன் சொன்னார்.

"ரெண்டு தடவை ஓட்டிட்டேன் அக்கா."

வீட்டுக்கு வந்தால் முதல் கேள்வியே அதுதான்.

"என்னட்டி வந்திருக்கு?"

"பெருசா ஒண்ணுமில்ல."

"அதான பாத்தேன். நம்ம வீடு ராசியான வீடுல்லா?"

சொல்லிக்கொண்டே குழாயடியில் நின்று கல்யாண மோதிரத்தைத் திருகினார். அது அசையவில்லை. தலையைத் திருப்பாமல் என்னிடம் சோப்புக் கேட்டார்.